நான் படிக்காமல் விட்ட வரி

பெரிய தாம்பாளத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஈரக் கிழங்கு மாவைப் பரப்பி, மேலே ஒரு பாலித்தீன் தாளை விரித்து, "உக்காரு" என்றேன். செவ்வந்தி கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஜில்லுனு இருக்குதுங்க."

"ஆடாத. சைக்கிள்ல குனியிறாப்ல கொஞ்சம் முன்னாடி குனி."

அவள் எழுந்தபோது மாவில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. நடுவுக்கு நடு டேப் வைத்து அளந்தேன். பதினாலரை சென்டிமீட்டர். சொன்னதும் பரிசு விழுந்தது போலக் கைதட்டினாள்.

நான் சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடை மேடை பார்க்கிறவன். அதனால் வீட்டில் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. உட்காரும் எலும்புகளின் அகலம் தெரிந்தால்தான் சைக்கிள் ஷார்ட்ஸ் சரியாக அமையும் என்று செல்போனில் ஒரு வீடியோ சொன்னது. அதில் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து காட்டினார்கள். எங்கள் அட்டையில் ஒன்றும் பதியவில்லை. மாவு யோசனை என் மனைவி செவ்வந்தியுடையது.

அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நோயைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த ஜனவரியை நினைத்தால் மட்டும் இப்போதும் கை வேகமாக ஓடுகிறது.

கள்ளக்குறிச்சியில் வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில், ஒரு சைக்கிள் பயணம் நடந்தது. இருநூறு கிலோமீட்டர், பதிமூன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, தியாகதுருகம் போய்த் திரும்பி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகக் கருமந்துறைக்கு மலையேற வேண்டும். அங்கிருந்து வெள்ளிமலை, கச்சிராயபாளையம் என்று இறங்கி இரவு ஏழரைக்குள் ஊர் வந்து சேர வேண்டும். முதல் வருடம் செவ்வந்தி நூற்றிருபதாவது கிலோமீட்டரில், கருமந்துறையில் இறங்கிவிட்டாள். சைக்கிளைத் தலையில் கட்டிக்கொண்டு வேன் அவளைக் கொண்டுவந்து விட்டது. நாலு நாள் அவளால் உட்கார முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியநாயகி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "இன்னாடி, நின்னுக்கினே துன்றே? வேண்டுதலா?"

"ஆமாக்கா. அடுத்த வருசம் வரைக்கும்."

செவ்வந்தி சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னது வேறு. "காலு வலிக்கலீங்க. மூச்சு வாங்கல. உக்கார்ற எடம் தாங்கல, அதுக்காவ எறங்கிட்டேன். என்னால முடியுமா முடியாதான்னு எனக்கே தெரியாம போச்சு பாருங்க."

அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த வருடமும் பெயர் கொடுத்தாள்.

முதல் வருடம் சேலத்தில் வாங்கிய ஷார்ட்ஸ் ஆண்களுக்கானது. மெத்தென்று இருந்தால் போதும் என்று தலையணை போலப் பஞ்சு வைத்ததைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தோம். ஒரு மணி நேரத்தில் அந்தப் பஞ்சு நசுங்கி நடுவில் குவிந்துகொண்டது. எலும்பு இருக்கும் இடத்தில் துணிதான் மிச்சம். இந்த முறை பெண்களுக்கான மூன்றை வரவழைத்தோம். பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாம். பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உள்ளே தைத்திருந்த மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். முதலாவது மறுபடியும் தலையணை. இரண்டாவதில் பிசுபிசுவென்று ஜெல். மூன்றாவது மெல்லிசு, ஆனால் அமுக்கினால் விரலை எதிர்த்துத் தள்ளியது. அதன் கெட்டியான பகுதி பதினாலரைக்குத் தாராளமாக அகன்றிருந்தது. நடுவில் தையலே இல்லை. தொடையில் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டையாக இருந்தது, சதையைக் கடிக்கவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்த்த சைக்கிளில் ஏறி இருபது நிமிடம் உட்கார்ந்தே இருந்தாள்.

"இதான்" என்றாள். "ஆனா எல்லாமே கறுப்பா இருக்குதே. அய்யப்பன் கோயிலுக்கு மாலை போட்டாப்ல."

"மேல சுடிதார் டாப்பு போட்டுக்கினா ஒண்ணும் தெரியாது."

அது வந்த கவருக்குள் ஒரு சீட்டு இருந்தது. இங்கிலீஷ். "இன்னா போட்டிருக்குது, படிங்க" என்று நீட்டினாள். வீட்டில் படிக்கிறவன் நான்தான். படித்தேன். பச்சைத் தண்ணீரில் துவைக்கவும். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் உலர்த்தவும். நாலாவது வரி, உள்ளே வேறு எந்த உள்ளாடையும் அணியக் கூடாது என்றது. நான் மூன்று வரியோடு நிறுத்திச் சீட்டை மடித்துவிட்டேன். அவள் அப்படி ரோட்டில் போவது ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும் என்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பழக்கத்துக்கு ரிஷிவந்தியம் வரை போய் வந்தாள். அறுபது கிலோமீட்டர் வரை ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கும் அந்த வரி மறந்தே போனது.

பயண நாளன்று உதவிக்கு வருகிறவர்கள் குறிப்பிட்ட இடங்களில்தான் நிற்கலாம். நான் பைக்கில் வெள்ளிமலை வழியாகக் கருமந்துறைக்குப் போய்க் காத்திருந்தேன். அங்கே ஒரு டீக்கடை வாசலில் மேஜை போட்டு, ராமசாமி என்பவர் வந்து சேர்கிறவர்களின் பயண அட்டையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு மேஜையை மூடிவிடுவார். பக்கத்தில் அதே வேன், கதவைத் திறந்துகொண்டு நின்றது.

ஒன்று முப்பத்தெட்டுக்குச் செவ்வந்தி வந்தாள். சைக்கிள் சீட்டில் உட்காரவில்லை, நின்றுகொண்டே மிதித்து வந்தாள். முத்திரை வாங்கினாள். முகம் சுண்டியிருந்தது.

"எரியுதுங்க."

"எலும்பா?"

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்குது. தொடை இடுக்குல, ரெண்டு பக்கமும் கோடு போட்டாப்ல எரியுது." அவள் கண் வேனைப் பார்த்தது. "அதே எடத்துல வந்து நிக்கிறேன் பாருங்க."

கோடு எதனால் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளாடையின் விளிம்புத் தையல். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் அவள் வேனில் ஏறிவிடுவாள். காரணம் தெரியாமலே ஏறுவாள்.

"செவ்வந்தி, அந்த இங்கிலீஷ் சீட்டுல இன்னொரு வரி இருந்துது."

"இன்னா வரி?"

ராமசாமிக்குக் கேட்காமல் குனிந்து சொன்னேன். "உள்ள ஒண்ணும் போடக் கூடாதாம்."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்தான்."

என்னை உற்றுப் பார்த்தாள். "நீ அத படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு முழுங்கிட்டே."

"கூச்சமா இருந்துச்சு."

"யோவ், சைக்கிள் சீட்டுல உக்கார்றது நானு. கூச்சம் உனக்கா?"

ராமசாமி நிமிர்ந்தார். "இன்னாம்மா, எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லண்ணே. எங்க வூட்டுக்காரருக்குப் படிப்பு ஜாஸ்தி."

செவ்வந்தி டீக்கடைக்காரம்மா காசியம்மாளிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அந்தம்மா சத்தமாகச் சிரித்துவிட்டு, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஐந்து நிமிடம். நான் வாசலில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் ஒரு சுருட்டிய பிளாஸ்டிக் கவரை என் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"வெச்சிக்கினு இரு. உனக்குத்தான கூச்சம்."

சீட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு தரம் அசைந்து பார்த்தாள். திரும்பிப் பார்க்காமல் மிதித்துவிட்டாள்.

வெள்ளிமலைக்கு நான் முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். அந்த ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நாலரை ஆனது. நாலே முக்கால். கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள்கூட என்னோடு சேர்ந்து வளைவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வளைவில் வந்தாள், நன்றாக உட்கார்ந்துகொண்டு. தூரத்திலிருந்தே கத்தினாள்.

"ஒண்ணுமே தெரியலீங்க! எரிச்சலு போயிடுச்சுங்க!"

மூட்டைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பையை மூடிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தேன். முத்திரை வாங்கினாள், ஒரு வாழைப்பழம் தின்றாள், விளக்கைப் போட்டுக்கொண்டு மலையிறங்கினாள்.

கள்ளக்குறிச்சியில் மணி ஏழாகி, ஏழேகால் தாண்டியது. முடிக்கும் மேஜையைச் சுற்றி முன்னால் வந்தவர்கள் காலை நீட்டிப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு பைக் விளக்குக்கும் எழுந்து நின்றேன். கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன வெள்ளை விளக்கு விலகி வெளியே வந்தது.

ஏழு இருபது. மேஜை முன்னால் பிரேக் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அட்டையை வாங்க ஒருவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கைப்பிடியில் கட்டியிருந்த போனைக் குனிந்து பார்த்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தி ஒம்போது புள்ளி ஆறு."

"அது பரவால்லம்மா, ரூட்டு முடிஞ்சிடுச்சு. நேரத்துக்கு வந்துட்டீங்க, அட்டைய குடுங்க."

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சுண்ணே. எனக்கு இன்னும் நானூறு மீட்டர் இருக்குது."

"செவ்வந்தி, பத்து நிமிசந்தான் இருக்குது!" என்றேன்.

"போதும்."

அவள் ஏற்கனவே திரும்பிவிட்டாள். பரோட்டா சாப்பிட்டவர்கள் விசிலடித்தார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி ஒதுங்கியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"எவ்ளோ?" என்று கத்தினேன்.

"எட்டு!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "புள்ளி எட்டு! ஓடி வாங்க!"