பூலோகம் கிட்னியை வேண்டாம் என்கிறது

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். கோபம் பிறந்தது செம்பூரில், ஒரு டயாலிசிஸ் சென்டரின் ஏழாம் நம்பர் படுக்கையில். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், இடது கையை மிஷினுக்குக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறவனுக்கு வலது கை சும்மாதானே இருக்கும். அந்தக் கை எழுதியது இது.

கதாநாயகன் பெயர் பூலோகம். வயது அறுபத்தாறு. தாராவியில் ஒரு தோல் பட்டறையில் நாற்பது வருஷம் செக்கர் வேலை. அது நான்தான். கதை என்றால் பெயரை மாற்ற வேண்டுமாம், மாற்றிவிட்டேன். இனிமேல் இது கற்பனை.

வரும் வியாழக்கிழமை காலை பூலோகமும் அவன் மகள் பிரேமலதாவும் ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் உட்கார வேண்டும். அவள் ஒரு கிட்னியைத் தருகிறேன் என்பாள். அவன் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடுவானா, மாட்டானா? கதை அவ்வளவுதான்.

தமிழில் எழுதுவது மொழிப்பற்றால் என்று யாரும் சால்வை தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். பிரேமலதா பாண்டுப்பில் மராத்திப் பள்ளி டீச்சர். தமிழ் பேசுவாள், படிக்க வராது. தன் பெயரைக்கூடக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுத்தான் எழுதுவாள். அவள் கண்முன்னாலேயே மேஜைமேல் போட்டு வைக்கலாம். இதைவிடப் பத்திரமான பீரோ மும்பையில் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பூலோகம்—"

அடித்துவிட்டேன். மழை என்று எழுதியதும் தாகம் எடுக்கிறது. எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி. ரசமும் அதில் சேர்த்தி.

இரண்டாம் தொடக்கம்: "பூலோகம் ஒரு சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டான்."

இது நிற்கும். எங்கள் சந்து முனையில் ஒரு சுவர் இருக்கிறது. யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாதென்று பிள்ளையார், சாயிபாபா, மெக்கா, சிலுவை எனப் படம் போட்ட ஓடுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றரை வருஷமாக ஒன்றுக்கே வருவதில்லை. ஆனாலும் போகிற வழியில் அந்தச் சுவர் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பேன். அத்தனை சாமியும் சேர்ந்து என்னைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். மனுஷனுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

3

மாட்டுங்காவில் கன்சல்டிங் வைத்திருக்கும் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் பொறுமையாகத்தான் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. இப்படியே டயாலிசிஸ்லயே இருக்கலாம். இல்லேன்னா பொண்ணோட கிட்னி. ஆனா உங்க உடம்பு அதை ரிஜெக்ட் பண்ணப் பாக்கும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏன் ரிஜெக்ட்? எம் மவ சரக்குல என்ன டேமேஜ கண்டீரு?"

[எங்கள் பட்டறையில் ரிஜெக்ட் என்றால் தையல் விட்டது, தோல் கீறியது. அதன்மேல் செக்கர் வெள்ளைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மூலையில் எறிவான். அந்தச் சாக்பீஸ் நாற்பது வருஷம் என் சட்டைப்பையில் இருந்தது.]

டாக்டர் சிரிக்கவில்லை. "டேமேஜ் எதுவும் இல்லே. உடம்புக்குள்ள ஒரு செக்கர் இருக்கான்னு வெச்சுக்கோங்கோ. வெளிச் சரக்கு எது வந்தாலும் தள்ளுவான். அவனைத் தூங்க வெக்கத்தான் மாத்திரை. காலைல எட்டு, ராத்திரி எட்டு, ஆயுசு முழுக்க."

"அவன் தூங்குனா மத்த டேமேஜ் சரக்கெல்லாம் உள்ள வந்துருமே?"

"வரும். ஜுரம், சளி, இன்ஃபெக்ஷன். அதுக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்."

"மாத்திர கொறஞ்சா?"

"கிட்னியத் தள்ளிடும்."

"கூடுனா?"

கொஞ்சம் தயங்கினார். "அந்த மாத்திரையே கிட்னியக் கெடுக்கலாம். அதான் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்கறோம்."

காப்பாற்ற வந்த வாட்ச்மேனே பூட்டை உடைப்பானாம். இந்த ஏற்பாட்டை எவன் செய்தான்? அவன் என் பட்டறையில் இருந்திருந்தால் அவன் நெற்றியிலேயே சாக்பீஸ் போட்டிருப்பேன்.

செக்கர் தூங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒருமுறை காய்ச்சலில் அரை நாள் கண் அசந்துவிட்டேன். அன்றைக்கு பெல்ஜியத்துக்குப் போன மூவாயிரம் ஜோடிக் கையுறையில் ஆறாயிரமும் இடது கை. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஊர்க்காரர்கள் வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்கள். கை குலுக்கும் வழக்கமே அந்த ஊரில் ஒழிந்தது.*

* என் மகள் இதை நம்புவதில்லை. ஊர் பெயரைக் கேட்கிறாள்.

அது தூங்கியதால் வந்த தப்பு. முழித்துக்கொண்டே நான் தப்பாகப் பெருக்கல் குறி போட்டது ஒரே ஒரு தரம். பதினோரு வருஷம் முன்னால் பிரேமலதா வாசலில் வந்து நின்றபோது நான்—

[இந்த வாக்கியம் இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும்.]

4

எட்டாம் நம்பர் படுக்கையில் அப்துல் ஹாதி. கடையநல்லூர்க்காரர், உல்லாஸ்நகரில் துணி வியாபாரம். தம்பி கொடுத்த கிட்னி அவருக்கு ஆறு வருஷம் ஓடியது. இப்போது மறுபடியும் மிஷின். பூலோகத்துக்குப் பயம் காட்டுவதற்காகவே இவரைக் கதைக்குள் கொண்டுவந்தேன்.

"மாத்திரய விட்டுட்டீரோ?" என்று கேட்டேன். விட்டேன் என்று சொல்வார், கதைக்கு ஒரு நீதி கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"ஒரு வேள விடல அண்ணாச்சி. மக நிக்காஹ்ல பந்தியில பாதியில எந்திரிச்சுப் போயி முழுங்குனேன். அப்படியும் போச்சு."

"அப்ப வேஸ்ட்டுதான?"

ஹாதி பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆறு வருஷம் சொம்புத் தண்ணிய அண்ணாந்து குடிச்சிருக்கேன்வே. நின்னுகிட்டே ஒண்ணுக்குப் போயிருக்கேன். வேஸ்ட்டாம்! வேணாம்னா வேணாம்னு சொல்லும். எங் கதைய எதுக்கு இழுக்கீரு?"

இந்தப் பாத்திரம் எனக்கு உதவவில்லை. நீக்கலாம் என்றால் அடுத்த படுக்கையிலேயே கிடக்கிறார்.

5

மகனைக் காணோமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறான். சுடலைக்கண்ணன், ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி. ரத்த குரூப் பொருந்தும். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பிலிருந்துதான் வெளியேறிவிட்டான். என் சம்சாரத்துக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது. ஆக, பிரேமலதா.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யப்பா, வியாழக்கிழம ஒம்பது மணிக்கு ரெடியா இருங்க. ஆதார் ஒரிஜினல் எடுத்து வைங்க."

"மேட்ச் ஆகலன்னு டாக்டரு சொல்லிட்டாரு மக்ளே."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து. நேர்லயே."

"நேத்து அவரு பூனாவுல. நான்தான் போன்ல பேசுனேன்."

நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் கதை விட்டதற்குக் கூலி இது. நிஜமாகவே ஒரு பொய் தேவைப்படும்போது செல்லவில்லை.

"ஏட்டி, எனக்கு அறுவத்தாறு. மிஷின்லயே ஓட்டிருவேன். ஒனக்குச் சின்னப் பிள்ள இருக்கு. நாளைக்கு ஒனக்கே ஒண்ணுன்னா?"

"எல்லா டெஸ்ட்டும் பண்ணியாச்சு. டாக்டருக்கு இல்லாத பயம் ஒங்களுக்கு எதுக்கு?"

"அந்த மாத்திரய நம்ப முடியாதுட்டி. ரிஜெக்ட் ஆச்சுன்னா ஒன் கிட்னி குப்பையில. ஹாதி பாய்க்கு—"

"பஸ், யப்பா! பஸ்!" போதும் என்பதை மராத்தியில் கத்தினாள். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. "ஒடம்பு ரிஜெக்ட் பண்ணா மாத்திர இருக்கு. நீங்களே ரிஜெக்ட் பண்ணா நான் எந்த மெடிக்கல்ல போய் மாத்திர வாங்க? ஏற்கெனவே ஒரு வாட்டி பண்ணீங்களே, அது பத்தலையா?"

போய்விட்டாள்.

சரி. கிடப்பில் போட்ட வாக்கியத்தை எடுக்கிறேன்.

பதினோரு வருஷம் முன்னால் பிரேமலதா ஒரு மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டு மாலையோடு வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு வார்த்தை பேசாமல், சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்கக் கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு உள்ளே போனேன். மூன்று வருஷம் அவளோடு பேசவில்லை. அவளிடத்தில் ஒரு டேமேஜும் இல்லை, டேமேஜ் என் கண்ணில் இருந்தது.

எழுதிவிட்டேன். கோபம் குறையவில்லை. எனக்குக் கோபம் மாத்திரைமேல், மகன்மேல், ஹாதி பாய்மேல் என்று இத்தனை பக்கம் புளுகியிருக்கிறேன். அந்தக் கிட்னி எனக்கு வேண்டும். சொம்பு நிறையத் தண்ணீர் வேண்டும். குறி போட்டுத் தள்ளியவளிடமே கை நீட்ட ஆசைப்படுகிறானே இந்தக் கிழவன், இவன்மேல்தான் கோபம்.

6

முடிவு ஒன்று. பூலோகம் கையெழுத்துப் போடுகிறான். எட்டுக்கும் எட்டுக்கும் அலாரம் அடிக்கிறது. லோக்கல் ரயிலில் எவன் தும்மினாலும் நடுங்குகிறான். ஒருநாள் சுவர் முன்னால் நிற்கிறான். இந்தமுறை சாமிகள் நிஜமாகவே தடுக்க வேண்டியிருக்கிறது.

முடிவு இரண்டு. போடவில்லை. மிஷின் ஓடுகிறது. அவள் உப்பில்லாத சாப்பாட்டோடு சென்டருக்கு வருகிறாள், டப்பாவை வைக்கிறாள், பேசாமல் போகிறாள். மூன்று வருஷம் என்பது அவளுக்குத் தெரிந்த கணக்குதான்.

முடிவு மூன்று. உள்ளே இருக்கும் செக்கர் முழித்துக்கொண்டு புதுக் கிட்னியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். தையலைத் தடவுகிறான். "அட, இது நம்ம பட்டறைச் சரக்குல்லாவே!" என்று பாஸ் போடுகிறான். மாத்திரையே வேண்டாம்.

[மூன்றாவது புளுகு. மகளானாலும் பாதிதான் அப்பன் சாயலாம், மாத்திரை இல்லாமல் முடியாதாம். டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.]

7

நேற்று ஒரு விபத்து. பிரேமலதா என் நோட்டைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்திருக்கிறாள். தலைப்பு மட்டும்தான் தேறியது, மிச்சமெல்லாம் என் கையெழுத்தில் மாட்டிக்கொண்டது. போன் போட்டுக் கேட்டாள்: "யப்பா, துனியா ஏன் கிட்னிய வேண்டாங்குது?"

பூலோகம் என்ற பெயரைப் போன் உலகம் என்று ஆக்கிவிட்டிருக்கிறது.

"பரவால்ல. மாட்டுங்கா மார்க்கெட்ல தமிழ் படிக்கிறவங்க யாராச்சும் இருப்பாங்க. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

அந்த யாரோ நீங்கள்தான். பூ வாங்கவோ அப்பளம் வாங்கவோ வந்திருப்பீர்கள். வியாழக்கிழமைக்குள் காட்டன் புடவையில் ஒருத்தி, என் மேஜையிலிருந்து எடுத்துவந்த இந்தத் தாள்களை நீட்டுவாள். ஆறாம் பகுதியில் உங்களுக்குச் சரியென்று படுகிற முடிவை வாசியுங்கள். மற்றதை மறைத்துவிடலாம், அவளுக்குத் தெரியாது. கமிட்டி முன்னால் நான் அதன்படி நடக்கிறேன். இதை நான் புளுகுகிறேனா என்பது வியாழக்கிழமைதான் எனக்கே தெரியும்.

ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது, கதவும் சாக்பீஸும் வருகிற வாக்கியம். அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

வேகமாக வாசிக்காதீர்கள். அவளுக்குக் கதைத் தமிழ் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிபடும்.