இஞ்சினுக்கு இல்லாத முகமூடி

"பழைய துணி ஏதாவது இருக்காடி?" என்று அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள். அவளுடைய காரின் இஞ்சினுக்குத்தான். என் பள்ளிச் சீருடையைக் கிழித்துக் கொடுத்தேன். வேறு எதற்கும் அது ஆகப்போவதில்லை.

ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "கார் ஓடினா தினம் போயிட்டு வா. ஹாஸ்டல்ல தங்குற பேச்சே வேணாம்" என்று அத்தான் சொல்லிவிட்டார். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு தங்கிவிட்டவர். காரை ரிப்பேர் செய்வதும் அவரேதான். தீர்ப்பும் அவருடையது, ஸ்பானரும் அவருடையது.

இஞ்சினின் மேல்பாதியைக் கழற்றினால், இரு பாதிக்கும் நடுவே கசிவை அடைக்கிற பழைய கேஸ்கெட் அலுமினியத்தோடு கருகி ஒட்டியிருந்தது. அதைச் சுத்தமாக எடுத்தால்தான் புதியது உட்காரும்.

"ஓட்டையெல்லாம் துணியால அடைச்சிட்டு கேஸ்கெட் எடுக்கிற மருந்தைத் தடவி ஊற விடுங்க. அப்புறம் பிளாஸ்டிக் தகட்டால சுரண்டினா போதும். டப்பாலயே போட்டிருக்கு" என்றாள் அக்கா.

"பிளாஸ்டிக்கால தேய்க்க இது என்ன பல்லா?"

டிரில்லில் உப்புத்தாள் வட்டைப் பொருத்தினார். "பாதுகாப்புதான் முக்கியம்" என்று கண்ணாடி, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டார். ஒரு தூசுகூட அவருக்குள் போகவில்லை. எல்லாம் இஞ்சினுக்குள் போனது. என் சீருடைத் துணியால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, முகமே பாக்கலாம்."

"ஓட்டையையும் கொஞ்சம் பாருங்க" என்றாள் அக்கா. அவர் குனிந்து பார்த்தார், தன் முகத்தை.

ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பியது. ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைச் சுற்றினார். மறுசுற்றில் ஆயில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். தெருமுனையில் நின்றுவிட்டது. எல்லோரும் தள்ளிக்கொண்டு வந்தோம். எல்லோரும் என்றால் நானும் அக்காவும். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வடித்த ஆயிலை அக்கா விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது. விரலை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆயில்காரன் ஏமாத்திட்டான்" என்றார். "சரி விடு, உனக்குக் குடுத்து வைக்கல. வேலையெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். துணிமணி அடைத்த பையோடு திரும்பி வந்தாள். கார் சாவியை அந்த உப்புத்தாள் வட்டின்மேல் வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அத்தான். ஆயில் வடிக்க மாட்டிய முகமூடியைக் கழற்ற மறந்திருந்தார்.

அவள் கேட்டைத் திறந்து பஸ் நிறுத்தம் பக்கமாக நடந்தாள்.