வெள்ளைச்சிக்கு லாடம்

சப்பாத்து ஏறமாட்டேன் என்றது. றஜனி சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்று இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். மலர்ச்சாலைக்காரர் புருசனுக்குக் கோட், கழுத்துப்பட்டி, காலுறை எல்லாம் போட்டுவிட்டு, சப்பாத்தை மட்டும் பையில் வைத்துத் திருப்பித் தந்திருந்தார்கள். மரியரட்ணம் தன் கலியாணத்துக்குப் போட்ட சப்பாத்து. அதற்குப் பிறகு அந்த மனிசன் செருப்போடுதான் சீவித்தார்.

"அத்தான்ரை கால் விரிஞ்சு போச்சு அக்கா. பின்பக்கத்தை வெட்டிப்போட்டுக் கொழுவுவம். ஆர் பாக்கப்போகினம்?" என்றான் தம்பி ஜெயசுதன்.

"வெட்டாதை!"

விரிஞ்சு போச்சாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக இந்த வீட்டில் வேறு கதை இல்லை. நெடுந்தீவுக்குப் போன மனிசன், அங்கே காட்டுக்குதிரைகள் லாடமில்லாமல் முருகைக்கல்லில் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு போனும் கையுமாகத் திரிந்தார். "அமெரிக்காவிலை லாடம் அடிச்சுக்கொண்டு திரிஞ்ச ஒருத்தன், காட்டுக்குதிரையின்ரை குளம்பைப் பாத்திட்டு லாடமே வேண்டாமெண்டு விட்டிட்டானாம். லாடம் குளம்பை நெரிக்குதாம். கழட்டினால் தன்ரை பாட்டிலை விரியும், றஜனி" என்றார். அடுத்த நாளே வெள்ளைச்சியின் நாலு லாடமும் கழன்றன.

வெள்ளைச்சி கலியாண வண்டி இழுக்கிற குதிரை. இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறவள். லாடம் போனதும் முற்றத்துச் சல்லிக்கல்லில் கால் வைக்கவே நொண்டினாள். ஒரு கலியாணத்தில் நடுறோட்டில் நின்றுவிட, மாப்பிள்ளை இறங்கிக் கோயிலுக்கு நடந்து போனார். குருநகரே சிரித்தது. "இஞ்சேருங்கோ, லாடத்தை அடியுங்கோ" என்று அவள் கேட்டால், "பொறு, கொஞ்ச நாள் செல்லும்" என்று அரத்தைத் தூக்கிக்கொண்டு குளம்பு ராவப் போய்விடுவார். முந்தநாள் காலையும் சண்டையின் நடுவில் அப்படித்தான் எழும்பிப் போனார். குதிரையின் காலடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பேச்சை முடிக்காமலே போய்விட்டார், அறுவான்!

வாசல் படலையில் ஆள் அரவம். சவாரி மாடுகளுக்கு லாடம் அடிக்கிற தெல்லிப்பழைப் பஞ்சலிங்கம், கருவிப் பையோடு பந்தலைப் பார்த்து விறைத்துப்போய் நின்றார். றஜனிக்குத் திக்கென்றது. இன்றைக்கு மரியரட்ணம் திரும்பவும் நெடுந்தீவுக்குப் போக இருந்தார். அந்த நேரம் பார்த்து லாடத்தை அடித்துவிடலாமென்று அவள்தான் களவாக ஆளை வரச்சொல்லியிருந்தாள். செத்தவீட்டு அமளியில் மறந்தே போனாள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. நான் போயிட்டுப் பிறகு வாறன்."

"நில்லுங்கோ அண்ணை" என்றான் ஜெயசுதன். "அக்கா, சனிக்கிழமைக் கலியாணத்துக்கு நான் வண்டியை ஓட்டுறன். வந்தவர் அடிச்சிட்டுப் போகட்டும். இனி ஆர் மறிக்கப்போகினம்?"

ஓம், இனி யார் மறிக்கிறது? வெல்வதென்றால் இப்படியா வெல்வது?

"அடிக்கட்டும்" என்றாள். "எனக்கு அலுத்துப்போச்சு."

உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். றஜனி கையில் சப்பாத்தோடு யன்னலால் பார்த்தாள். பஞ்சலிங்கம் கொட்டிலிலிருந்து வெள்ளைச்சியை அவிழ்த்துக்கொண்டு வந்தார். சல்லிக்கல் தொடங்குகிற இடம் வந்தது. குதிரை நிற்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, நாலு காலையும் பரக்க ஊன்றி, கல்லுக்கு மேலே தன் பாட்டில் நடந்து வந்தது.

"நொண்டுது எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றார் பஞ்சலிங்கம்.

றஜனி சட்டென்று வீட்டுக்குள் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ! ஓடி வந்து பாருங்கோ!"

செபமாலை நின்றுவிட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"அக்கா..." என்றான் ஜெயசுதன்.

"அடிக்கட்டோ பிள்ளை?" பஞ்சலிங்கம் வெளியே இருந்து கேட்டார்.

"வேண்டாம். கொண்டுபோய்க் கட்டிவிடுங்கோ."

அவள் சப்பாத்துகளைப் பெட்டி வைத்திருந்த வாங்குக்குக் கீழே தள்ளினாள். பிறகு, புருசனின் பெருவிரலில் சுருங்கிக் கிடந்த காலுறையை இழுத்துச் சரிசெய்தாள்.