வெயிலுக்குக் காத்திருந்த டீம்

காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஐம்பது பேருக்கும் மஞ்சள் ஜெர்சி கொடுத்துவிட்டார்கள். எல்லா ஜெர்சியின் முதுகிலும் ஒரே எண், ஒரே பெயர். தெரியாதவர் பார்த்தால் ஒரே ஆளை ஐம்பது தடவை பெற்றுப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மீனம்மாக்கா சேலைக்கு மேலேயே ஜெர்சியை மாட்டி, அதற்கு மேல் கொழுந்துக் கூடையையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமையும் கூடை தூக்க வைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு எரிச்சல். கூடை முதுகை மறைப்பதால் எண் தெரியவில்லை என்று கமராக்காரர்களுக்குக் கவலை. கடைசியில் அவளை ஜெர்சியை முன்பின்னாகத் திருப்பிப் போடச் சொன்னார்கள்.

"கழுத்த இறுக்குது தம்பி," என்றாள் என் வீட்டுக்காரரிடம். "யாரு இந்தப் பத்தாம் நம்பரு?"

"நம்ம டீமோட பெரிய ஆளுங்கக்கா."

"பத்தாம் நம்பரு நம்ம திலக்ஷன்ல?"

"அது தோட்டத்து டீமுல அக்கா. இது இங்கிலாந்து."

என் வீட்டுக்காரர் பிரதாப் நோர்வூட்டில் ஓட்டோ ஓட்டுகிறார். ஓட்டோவின் பின்பக்கம் அந்த மஞ்சள் டீமின் சின்னம் ஒட்டியிருக்கும். பதினைந்து வருடமாக அதுதான் அவருடைய டீம். அந்தக் கிளப்பின் கடன், முதலாளி கட்டும் வட்டி, எந்த ஆட்டக்காரனை என்ன விலைக்கு விற்றால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சோற்றில் கை வைத்துக்கொண்டே அதற்காகப் பெருமூச்சு விடுவார். வீட்டில் சமையல் கேஸ் முடிந்தால் அப்படிப் பெருமூச்சு வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் தோட்டத்து யங் ஸ்டார் விளையாட்டுக் கழகத்துக்கும் அவர்தான் செயலாளர். அதையும் சொல்லாவிட்டால் பாவம். லீக்குக்குக் கட்டவேண்டியது, லொறிக் கூலி, பந்து எல்லாம் அவர் தலையில்தான். முன்பு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு ஒரு பேர் கொடுப்பார்கள். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். கோயில் திருவிழாவுக்கு ஒன்று, யங் ஸ்டாருக்கு ஒன்று என்று முணுமுணுக்காமல் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்கப் போனால், ரிஸ்வி நானாவின் கடையில் வாங்கிய வெளிநாட்டு டீம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டே பையன்கள் காசில்லை என்பார்கள். லொறிக்குக் காசில்லாமல் இந்த வருடம் ஏற்கனவே ஒரு மேட்ச்சுக்குப் போகவில்லை. ஆடாமலே வெற்றி என்று எதிர் டீமுக்கு வோக் ஓவர் கொடுத்தார்கள். இன்னொரு வோக் ஓவர் போனால் லீக்கிலிருந்து யங் ஸ்டாரின் பெயரை வெட்டிவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் ஷிஹாப் வந்தார். ஹட்டன்காரர், கொழும்பில் விளம்பரக் கம்பனியில் வேலை. மஞ்சள் டீமுக்கு உலகம் பூராவும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு விளம்பரம் எடுக்கிறார்களாம். ஆப்பிரிக்காவில் மீனவர்கள், ஜப்பானில் ரயில் பயணிகள், இலங்கைக்குத் தேயிலை மலை. "எத்தனை ஊருல ஆள் இரிக்கின்டு காட்டினாத்தான் அங்க ஸ்பொன்சர்காரன் காசு எறக்குவான்," என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று விளக்கினார். பிரதாப்புக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருடம் அவர் அந்தக் கிளப்புக்காகக் கவலைப்பட்டதை இப்போது கிளப்பே திரும்பிப் பார்த்துவிட்டதாக நினைத்தார். ஐம்பது பேரைக் கொண்டுவந்தால் யங் ஸ்டாரின் ஒரு வருடச் செலவுக்குப் போதுமான காசு தருவதாகப் பேச்சு. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. அன்றைக்கு மூன்றரைக்கு ஹட்டனில் எங்களுக்கு மேட்ச்.

"காலையில எடுத்து முடிச்சிருவாங்க," என்றார் பிரதாப். "பன்னண்டு மணிக்கெல்லாம் ஆளாளுக்குச் சோறு தின்னுட்டு லொறியில ஏறிரலாம்."

மலையில் பிறந்து வளர்ந்தவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் நானும் அப்போது தலையாட்டத்தான் செய்தேன்.

முதல் தடவை எடுத்தபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. மேல்மலையிலிருந்து பெரிய மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் தேயிலைப் பாதையில் ஓடி வரவேண்டும். கொடியின் முனை என் தம்பி திலக்ஷன் கையில். அவன் கொழும்பில் டைல்ஸ் கடையில் மூட்டை தூக்குகிறான். மேட்ச் இருக்கிற வாரமெல்லாம் லீவு கேட்டு, இரவு ரயிலில் நின்றுகொண்டே வருவான். அன்றைக்கும் அப்படி வந்தவன்தான். பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே ஓடினான். மூடுபனியில் முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. மீனம்மாக்கா வழுக்கி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் என்னோடு வேலை பார்க்கும் வினோதா மேல் விழுந்து, இரண்டு பேரும் எழும்ப முடியாமல் சிரித்தார்கள். ஓடி வந்த எல்லாரும் சிரித்துவிட்டோம்.

"இது சும்மா பாத்துக்கிறதுக்கு," என்றார் ஷிஹாப். "வெயில் வந்ததும் சரியா எடுப்போம்."

அதன்பிறகு உட்கார்ந்ததுதான். வெயில் வரவில்லை. பனி கொஞ்சம் விலகும், கீழே எங்கள் லயத்து வீட்டுக் கூரைகள் தெரியும், கமராக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், உடனே எங்கிருந்தோ இன்னொரு மூட்டை பனி வந்து இறங்கும். பன்னிரண்டு மணிக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். ஒரு மணிக்கும் அப்படியேதான். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பாதைவரை போனேன், திரும்பி வந்தேன். யங் ஸ்டாரின் நீல ஜெர்சிகளை நான்தான் முதல் நாள் துவைத்து அடுப்புக்கு மேல் காயப்போட்டு எடுத்திருந்தேன். அந்தப் பை ஓட்டோவுக்குள் கிடந்தது. லொறி கீழே வந்து நின்றுவிட்டதும் தெரிந்தது. பதினொரு ஆம்பிளைகள், எல்லாரும் கால் திடமானவர்கள், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். யாரும் பிடித்து வைக்கவில்லை, கட்டி வைக்கவில்லை. ஒருத்தரும் எழும்பவில்லை.

எனக்கு அது புரியாமல் இல்லை. மலையில் கங்காணி போகலாம் என்று சொல்லாமல் இறங்கினால் அரைப்பேர்தான் விழும். காலையிலிருந்து மாரடித்ததற்குப் பாதிச் சம்பளம். மழையில் நின்றாலும், அட்டை கடித்தாலும், போகலாம் என்ற சொல் வரும்வரை மலையில் நிற்கவேண்டும். எங்கள் அம்மாமார் அப்படி நின்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தையே எட்டிப் பார்க்காத எங்கள் பையன்களும் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். கங்காணிக்குப் பதிலாக ஷிஹாப் குடை பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"போய்க் கேளுங்க," என்றேன் பிரதாப்பிடம். "இன்னும் எவ்வளவு நேரம்னு கேளுங்க. இல்லாட்டி டீம் பயலுகள மட்டும் விடச் சொல்லுங்க."

"கேட்டா காச கொறைச்சிருவாங்க. அம்பது பேருன்னு ஒத்துக்கிட்டிருக்கு."

"கேட்டாத்தான தெரியும்?"

போனார். ஷிஹாப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தொழிற்சாலை ஐயா முன்னால் நிற்கிற அதே நிற்பு. ஷிஹாப் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"அவங்களுக்கு டீ வேணுமாம்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கீழே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். சீனி போட்டேனா இல்லையா என்று இப்போதும் தெரியாது.

இரண்டு மணி தாண்டியதும் திலக்ஷன் எழுந்தான். மற்றப் பத்துப் பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"மச்சான், நாங்க எறங்குறோம்."

"கொஞ்சம் இருடா. அந்தா வெளுக்குது பாரு."

"காலையிலருந்து வெளுக்குது."

"பதினொரு பேரு கொறைஞ்சா ஒன்னும் கெடைக்காது. அப்பறம் அடுத்த மேட்ச்சுக்கு எதுல போவ? நடந்து போவியா?"

"இந்த மேட்ச்சுக்குப் போகலன்னா அடுத்த மேட்ச் ஏது மச்சான்?"

பிரதாப் ஷிஹாப் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். திலக்ஷனும் பார்த்தான். அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் மற்றவர்களும் பின்னால் போயிருப்பார்கள். நானும் ஓட்டோவிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றேன். அதே நேரத்தில் எதிர்மலையில் வெயில் விழுந்தது. விசில் ஊதினார்கள், எல்லாரையும் மேலே ஓடச் சொன்னார்கள். அவன் பூட்ஸைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கொடியைப் போய்ப் பிடித்தான்.

ஒரு தடவை ஓடினார்கள், கொடி சுருண்டது. இன்னொரு தடவை ஓடினார்கள், யாரோ கமராவைப் பார்த்துவிட்டார்கள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. மீனம்மாக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, "சிரிங்கங்கிறான், சிரிப்பு எங்க வருது," என்றாள். போகலாம் என்ற சொல் வந்தபோது லொறி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது.

லொறிக்குள்ளேயே உடுப்பு மாற்றினார்கள். நானும் ஏறிக்கொண்டேன், மீனம்மாக்காவும் ஜெர்சியோடு ஏறினாள். ஹட்டன் பாதையில் ஒரு பஸ் கெட்டுப்போய் நின்றது. பையன்கள் குதித்து அதைத் தள்ளி ஓரமாக்கினார்கள். பிரதாப் ஓட்டோவில் முன்னால் போய் நடுவர் காலில் விழுந்தாவது நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது எதிர் டீம் வெற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பிரதாப் நடுவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

"பே மல்லி," என்றார் நடுவர். முடியாது தம்பி என்பதைச் சிங்களத்தில் அவ்வளவு தன்மையாகச் சொன்னார். இருக்கவேண்டிய நேரத்தைவிட அதிகமாகவே காத்திருந்தாராம்.

பையன்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள். திலக்ஷன் மைதானக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். அடியில் ஒரு துளி சேறு இல்லை. அவன் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். பிரதாப் பக்கத்தில் போய் நின்றபோது அவன் நிமிரவில்லை. அன்றிரவு ரயிலுக்குப் போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

பேசிய காசை மறுநாள் ரிஸ்வி நானாவின் கடையில் வைத்து ஷிஹாப் கொடுத்தார். ஒரு சதம் குறையவில்லை. வெட்டப்பட்ட டீமுக்கு ஒரு வருடச் செலவு. நான் அவரிடம் மேட்ச் போன கதையைச் சொன்னேன். அவர் உண்மையாகவே பதறிப்போனார்.

"சொல்லீந்தா விட்டிருப்பமே தங்கச்சி. நாங்க என்ன கட்டியா வச்சிருந்தோம்? பதினொரு பேரு இல்லாட்டியும் படத்துல தெரியவா போகுது?"

பிரதாப் காசைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அந்தப் பொத்தானையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் காசில் அவர் முதலில் வாங்கியது கோல் வலை. எங்கள் தோட்டத்துக் கிரவுண்டில் கம்பம்தான் உண்டு, வலை கிடையாது. கோல் விழுந்தால் பந்து மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் உருண்டு, தேயிலைக்குள் போய், சில நேரம் கீழ் லயத்துக் கோழிக்கூடு வரைக்கும் போகும். யாராவது பின்னால் நின்று பிடிக்கவேண்டும், முக்கால்வாசி நாள் அது நான்தான். "வலை ஒன்னு போடணும் நிஷா," என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், டீம் இல்லாதபோது வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் அதை வாங்கி மூலையில் வைத்தேன்.

விளம்பரம் ஒரு மாதம் கழித்து வந்தது. மஞ்சள் டீம் விளையாடிய சனிக்கிழமை, ரிஸ்வி நானா தன் கடை மாடியில் இருக்கும் பெரிய டீவியில் போட்டுக் காட்டினார். மாடி நிறைய ஆள். மீனவர்கள் வந்தார்கள், ரயில் வந்தது. பிறகு எங்கள் மலை. திரை முழுக்க மூடுபனி. அதற்குள்ளிருந்து மஞ்சள் ஜெர்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நெஞ்சில் எண்ணோடு மீனம்மாக்கா வழுக்கி வினோதா மேல் விழுந்தாள். கழுத்தில் பூட்ஸ் ஆட, கொடியைப் பிடித்துக்கொண்டு திலக்ஷன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். அதோடு மலை போய்விட்டது. அடுத்தது வேறு நாடு.

வெயிலில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. காலையில் சும்மா பார்க்க எடுத்ததுதான் எல்லாம்.

மாடியே கைதட்டியது. இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். "நான்தான், நான்தான்," என்று மீனம்மாக்கா பக்கத்தில் இருந்தவனை இடித்துக்கொண்டிருந்தாள். பிரதாப்பின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அவர் எழுந்து படியில் இறங்கிவிட்டார். அவருடைய டீம் இன்னும் விளையாடவே ஆரம்பிக்கவில்லை. பதினைந்து வருடத்தில் அவர் மேட்ச் பார்க்காமல் எழுந்துபோனதை அன்றுதான் கண்டேன்.

வீட்டில் அவர் இல்லை. மூலையில் வலையும் இல்லை. பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஏறிக் கிரவுண்டுக்குப் போனேன். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தில் வெள்ளை வலை கட்டியாகிவிட்டது. முடிச்சு முடிச்சாகத் தண்ணீர் கோத்திருந்தது. பிரதாப் பந்தைக் கீழே வைத்து அதற்குப் பின்னால் நின்றார். பழக்கத்தில் நான் போய்க் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். இனி அங்கே நிற்கத் தேவையில்லை என்று நின்ற பிறகுதான் உறைத்தது.

"அடிங்க," என்றேன் வலைக்குள்ளாகப் பார்த்து.

அவர் அடிக்கவில்லை. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். ஒரு காலைப் பின்னால் வைத்தபடி, யாரோ விசில் ஊதட்டும் என்று நிற்கிறவர்போல நின்றுகொண்டிருந்தார். முதலில் பனி பந்தை மூடியது. பிறகு அவருடைய முழங்காலை, பிறகு சட்டையை.

"ஏங்க," என்று கூப்பிட்டேன்.

வலை ஆடாமல் இருந்தது.