போ என்றதும் போயிட்டு வா என்றதும்

அன்று காலை என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி அக்கம்மாள், அவள் தம்பி ராக்கப்பன், அவன் மகன் பாண்டியராஜன், என் மகள் நாகஜோதி. ஜன்னலோரம் நின்று எல்லாம் கேட்டதாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஓடைப்பட்டியில் பலர் உண்டு. அவர்களை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

நாகஜோதி நர்சிங் படித்த ஊரில் ஞானஸ்நானம் பெற்று, கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசியதில்லை. இப்போது துறவுக்கான வார்த்தைப்பாடு கொடுக்கும் நேரத்தில் மடத்துத் தலைவியே அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"மதர் என்னத்தா சொல்லிவிட்டாக?" என்றேன்.

"அப்பா மனசார அனுப்பினா வா, இல்லைன்னா அங்கனயே இருன்னாகப்பா. கீழ்ப்படிதல் அங்கயிருந்துதான் தொடங்கணுமாம்."

சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். சண்டை போட அவள் இடமே கொடுக்கவில்லை.

ராக்கப்பன் தொடையைத் தட்டினான். "அப்புறமென்ன மச்சான்! பிறந்தப்பவே என் மகனுக்குன்னு பேசுன பேச்சு. பந்தக்கால் ஊனுங்க. மூங்கிலுக்குக்கூட அலைய வேணாம், திராட்சைப் பந்தல்ல ஒண்ணப் பிடுங்குனாப் போதும்."

"போகாதேன்னா போகலப்பா," என்றாள் நாகஜோதி. "அத்தானக் கட்டிக்கன்னா மட்டும் முடியாது. மனசில இல்லாதத அவர்கிட்ட எப்படிச் சொல்ல? மதரே சொன்னாலும் மாட்டேன்."

"நல்லவேளை மாமா, நான் பிழைச்சேன்," என்று சிரித்தான் பாண்டியராஜன். அப்பன் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கீழ்ப்படிகிறேன் என்கிறாள், மாட்டேன் என்கிறாள். இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறாள்.

"போகாதேன்னா அழுவியா?"

"அழுவேன்ப்பா. ஏசுவும் சிலுவைக்கு முந்தி அவுக அப்பாகிட்டதான் அழுதாரு. அழுதுட்டு, அப்பா நினைச்சதத்தான் செஞ்சாரு."

அந்த அப்பன் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எல்லாம் நாடகம்," என்றான் ராக்கப்பன். "மதர் இருன்னதால இருக்கா. இந்த வீட்ல உங்க சொல்லுக்கு என்ன மச்சான் மதிப்பு?"

"எந்திரிச்சுப் போ!" என்று கத்தினேன்.

ராக்கப்பன் எழுந்தான். நாகஜோதியும் எழுந்தாள். நான் யாரைச் சொன்னேன் என்று இருவருக்கும் புரியவில்லை.

"என்னையாப்பா சொன்னீக?" அவள் கால் நகரவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் சொன்னால் உட்கார்ந்துவிடுவாள். சாகும்வரை இங்கேயே இருப்பாள். அப்படி இருப்பவள் என் சொல்லுக்கு இருக்கிறாளா, மதர் சொல்லுக்கா? என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"உன்னையும்தான்," என்றேன்.

அக்கம்மாள் சீறினாள். "பெத்த பிள்ளைய போன்னா சொல்றது? போயிட்டு வான்னு சொல்லுங்க!"

"போயிட்டு வாத்தா," என்றேன். அது மனசாரச் சொன்னதுதானா என்று நாகஜோதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

அவள் அப்பன் சொல்லை மீறி ஓடிப்போனாள் என்று ராக்கப்பன் கம்பம் வரை சொல்லித் திரிகிறான். அது பொய். அவள் ஓடவில்லை. நான் போகச் சொன்னேன், போனாள்.