கணவாய் வண்டி

புகை வரவில்லை.

மெக்கானிக் ஆஷெங் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து, புகைக்குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் கையுறையைப் பிடித்தான். எடுத்து முகர்ந்தான். மறுபடி பிடித்தான். ஈரம் மட்டும்தான். "மிதிங்க அண்ணி" என்றான். யூஷியா மிதித்தாள். எஞ்சின் உறுமியது. மூன்று நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்த நீலப் புகை, தலைகாட்ட வேண்டிய இடத்தில் நல்ல பிள்ளையாக ஒளிந்துகொண்டது.

பக்கத்து இருக்கையில் அவள் கணவர் குன்மு சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஜியாயி ரயில் நிலைய வாசலில் முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். காதுக்கு மட்டும் இன்னும் இருபது வயது. இந்தக் கார் அவருடைய டாக்சியேதான். ஓய்வு பெற்ற வருடம் வெள்ளை அடித்தார்கள். கதவைத் திறந்தால் விளிம்பில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

"ஓடுற சத்தம் சுத்தமாத்தானே இருக்கு" என்றார் குன்மு. "எவனுக்கு என்ன கண்ணு உறுத்துச்சு?"

"யாருக்குத் தெரியும் அண்ணே. புகை கக்குற கணவாய்மீன் வண்டின்னா எல்லாருக்கும் ஒரு கண்ணுதான். போனத் தூக்கிப் படம் எடுத்துப் புகார் பண்றதுக்குன்னே பாதிப் பேர் ஸ்கூட்டர்ல சுத்தறான்." ஆஷெங் எழுந்து, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைக் காகிதக் குவளையில் துப்பினான். "அண்ணி, அந்த லெட்டரக் குடுங்க. கடைசித் தேதி பாத்துடறேன்."

யூஷியாவின் கை பையின் ஜிப்பிலேயே நின்றது.

சுற்றுச்சூழல் துறையின் கடிதம். வண்டியின் பின்பக்கம் படமாக. மையைக் கக்கும் கணவாயைப் போல நீலப் புகை, அதற்குள் இவர்களுடைய நம்பர் பலகை. குறித்த நாளுக்குள் பரிசோதனை நிலையத்துக்கு வரவேண்டும் என்று நாலு வரி. அதற்கு மேல் நாள், நேரம், இடம். புதன்கிழமை, காலை ஒன்பது ஐம்பது, சூகோவ் பாலம். மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடம். குன்முவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் ஒரு வரியை மட்டும் மாற்றி வாசித்தாள். 'ஆஸ்பத்திரி வாசல்.' அந்த நேரத்தில் அவள் அங்கேதான் இருக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அவர் ரத்தம் இயந்திரத்தில் சுற்றும். அவள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பாள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடமாக.

கடிதத்தை ஆஷெங் வாங்கிப் படித்தான். அவன் கண் ஒரு வரியில் தட்டி நின்றதை அவள் பார்த்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு குன்முவை. கடிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. "புகை எப்ப வருது அண்ணி? காலைல ஸ்டார்ட் பண்ணும்போதா?"

"லேசா வரும்."

"ஓடும்போது?"

"சிக்னல்ல நின்னு எடுக்கும்போது" என்றாள். பொய். ஆனால் ஊருக்குள் நடக்கக்கூடிய பொய்.

ஆஷெங் தலையைச் சொறிந்தான். "மிதிச்சு எடுக்கும்போது நீலமா வந்தா பிஸ்டன் ரிங் போச்சுன்னு அர்த்தம். எஞ்சினயே இறக்கணும். இருபத்து மூணு வயசு வண்டிக்கு அந்த வைத்தியம்..."

"வேண்டாம்" என்றார் குன்மு. "பொணத்துக்குப் பல்லு கட்டாத. திறக்கவே வேண்டாம், ஓரங்கட்டிடலாம். ஆஸ்பத்திரி வேன் வீட்டு வாசலுக்கே வருது. யூஷியாவும் என்கூட ஏறிக்கலாம். பாவம், அவளுக்கும் ஓட்டற தொல்லை விடும்."

பாவம் என்ற சொல்தான் அவளைக் குத்தியது.

வேன். ஆறு கிழவர்கள், ஆறு சக்கர நாற்காலிகள், மடியில் பையோடு ஆறு மனைவிகள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும், ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொள்ளும். நடுவில் இருக்கும் நாலு மணி நேரத்துக்குச் சக்கரம் கிடையாது. அவளுக்கு மலைமேல் காதலன் யாரும் இல்லை. நாற்பது வளைவு ஏறினால் தேயிலைச் சரிவின் ஓரம் ஒரு கார் நிற்கும் அளவு மண். அங்கே எஞ்சினை அணைப்பாள். 'யூஷியா, தண்ணி', 'யூஷியா, செருப்பு', 'யூஷியா, யார் வாசல்ல' என்று கேட்காத இருபத்தைந்து நிமிடம். மூடுபனி வந்து கண்ணாடியை மூடும். சில நாள் தூங்கிவிடுவாள். பிறகு தாழ்ந்த கியரில் அத்தனை வளைவும் இறங்கி வருவாள். வழியில் வாங்கும் பிளம் பழத்தை, சந்தையில் வாங்கியதாகச் சொல்லி உரித்துக் கொடுப்பாள்.

பொய்யைக் காப்பாற்றினால் கார் போய்விடும். காரைக் காப்பாற்ற வேண்டுமானால் பொய் போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"அப்ப, பழைய வண்டி எடுக்கிறவன வரச் சொல்லட்டுமா அண்ணே?" ஆஷெங் கேட்டது குன்முவை. பார்த்தது அவளை.

"சொல்லிடு."

"சிக்னல்ல இல்ல" என்றாள் யூஷியா.

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டுட்டு, தாழ்ந்த கியர்லயே வருவேன். ரொம்ப நேரம். இறக்கம் முடிஞ்சு முதல் தடவை மிதிக்கும்போது வரும். ஒரே ஒரு தடவை, குப்புன்னு. அப்புறம் வராது."

ஆஷெங் மூச்சை விட்டான். "அதச் சொல்லுங்க. ரிங் இல்ல, வால்வு சீல். இறங்கும்போது எஞ்சின் எண்ணெய உறிஞ்சி வச்சுக்கும், மிதிச்சதும் கக்கும். மேல மூடியத் திறந்து சீல மாத்தினா போதும், ஒரு நாள் வேலை." சிரிக்கப் பார்த்தான். "கணவாய் மை விடுறது தப்பிக்கத்தான் அண்ணி. உங்க கணவாய் மை விட்டே மாட்டிக்கிச்சு."

குன்மு சிரிக்கவில்லை. விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாளம் நின்றது.

"ஜியாயி உள்ளங்கை மாதிரி தட்டை" என்றார். "இறக்கம் எங்க இருக்கு?"

பட்டறைத் தொலைக்காட்சியில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணெயில் எதுவோ பொரிந்தது.

"அலிஷான் மலை ரோட்ல" என்றாள்.

"எப்ப?"

"நீங்க உள்ள இருக்கும்போது."

"யாரோட?"

"தனியா."

வேறு எந்தக் கேள்வி வந்திருந்தாலும் அவளிடம் பதில் இருந்தது. அவர் கேட்கவில்லை. வெளிச்சம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை சீல் போட்டுடு" என்று ஆஷெங்கிடம் சொன்னார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில், நாலாவது சிக்னலில் குன்மு கண்ணாடியை இறக்கினார்.

"பிளம் சந்தைல வாங்கினதில்லையோ?"

"இல்ல."

"நெனச்சேன். அதுல குளிர் இருந்துச்சு." கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டு, "வியாழக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி இல்ல. என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். குரலில் கோபமே இல்லை. அவள் பயந்தது கோபத்துக்கு. இதற்கு அவள் தயாராக இருக்கவில்லை. "இனிமே வாரம் ஒருதடவை போவோம். நீ வளைவுல தப்பாத்தான் திருப்புவ, எனக்குத் தெரியும். நான் சொல்றேன். அந்த ரோட்ல ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். பாலம் தாண்டி மொதல்ல எடது, அதுக்கு ரெண்டாவது கியர் போதும். அப்புறம் ஒரு கோயில் வரும், அங்க ஹார்ன் அடிக்கணும். அடிப்பியா?"

"அடிப்பேன்."

"மூணாவது வளைவுல தான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க..."

அவர் எண்ணிக்கொண்டே போனார். ஐந்து. ஆறு. ஏழு. அவள் தனக்கென்று வைத்திருந்த வளைவுகள் ஒவ்வொன்றாக அவர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. நாற்பதாவதில் அவர் என்ன சொல்வார், அந்த மண் திட்டு அவருக்கும் தெரியுமா என்று அவள் காத்திருந்தாள்.

ரயில்பாதை மேம்பாலத்தில் ஏறி இறங்கினாள். ஊரில் இருந்த ஒரே இறக்கம். காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் வரவிட்டு, அடியில் வந்ததும் மிதித்தாள்.

பின்கண்ணாடியில் நீலம் விரிந்தது. தொடர்ந்து வந்த ஸ்கூட்டர்கள், பேருந்து, பாலம் எல்லாம் ஒரு நொடி இல்லாமல் போயின. பிறகு புகைக்குள்ளிருந்து ஒவ்வொரு விளக்காக வெளியே வந்தது, முன்னைவிடப் பக்கத்தில்.

"பதினொண்ணாவது வளைவு" என்றார் குன்மு.