காலி என்று பதிவான அறை

பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த புதிதில் அவள் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாள். விடுதி அலுவலகத்தில் சில மாதம், தேர்வுப் பிரிவில் சில மாதம், நிதிப் பிரிவில் சில மாதம் என்று அவளைப் பந்தாடினார்கள். ஓரிடத்தில் முகங்கள் பழகி, “வாம்மா” என்று நாற்காலியை இழுத்துப் போடும் அளவுக்கு வந்ததும் அடுத்த இடத்துக்கு உத்தரவு வந்துவிடும். நாளடைவில் யாரிடமும் விடைபெறுவதை விட்டுவிட்டாள். தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். வருத்தம் என்று சொல்ல முடியாது. மரத்துப்போன காலைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது, அந்த மாதிரி.

“அக்கா, இப்போ எந்த நாற்காலி? பாட்டு நின்னுச்சா, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கியா?” என்று தம்பி போனில் கேலி செய்வான்.

அம்மா போனைப் பிடுங்குவாள். “அவன் கிடக்கான், விடு. வேலை நிரந்தரமாச்சா? அதைச் சொல்லு முதல்ல.”

அதுதான் கேள்வி. பயிற்சி முடிவதற்குள் ஏதாவதொரு பிரிவு அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கடைசியாக அவள் வந்து சேர்ந்தது துணைப் பதிவாளரிடம். நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். “என்கிட்ட ஒரு இடம் காலியா இருக்கும்மா. அது உனக்குத்தான்னு மனசுல வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி இந்த அறைக் கணக்கை மட்டும் முடிச்சுக் குடுத்துடு” என்றார்.

அறைக் கணக்கு என்பது கட்டடம் கட்டடமாக நடந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து, உள்ளே எத்தனை பேர் என்று டேப்லெட்டில் பதிவது. எல்லாச் சுற்றிலும் காலியாக இருக்கும் அறையைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள். விதிகளை எழுதியதும் அவள்தான். நாற்காலியில் கோட்டு தொங்கினால் அது ஆள் ஆகாது. வந்து போகிறவர்களைச் சேர்க்கக் கூடாது, அந்தந்தப் பிரிவின் சொந்த ஆட்களை மட்டுமே சேர்க்க வேண்டும். எண்ணுகிறவர் தன்னை எண்ணக் கூடாது.

சுற்று சுற்றாக நடந்தாள். ஓர் அறையில் பேராசிரியர் ஒருவர் மேசைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். “சிந்தனைன்னு போட்டுக்கோ” என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். ஒன்று என்று போட்டுக்கொண்டாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒவ்வொரு சுற்றும் மூன்றாம் மாடிக் கோடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் தொடங்கியது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, திறக்க வராத ஜன்னல். அவள் உட்காரும் அறைதான் அது. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள், கதவைச் சாத்துவாள், முறைப்படி திறந்து பார்ப்பாள். யாரும் இல்லை. காலி என்று பதிந்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவாள்.

அறிக்கையைக் கொடுத்ததும் துணைப் பதிவாளர் கூப்பிட்டார்.

“அறிக்கை பிரமாதம்மா. ஆனா ஒரு சங்கடம். ஜெராக்ஸ் பக்கத்து அறையில ஒரு சுற்றுலகூட ஆள் இல்லையாமே? கம்ப்யூட்டர் பிரிவு அதைக் கேக்குறாங்க. உனக்குன்னு நான் வச்சிருந்த இடம் அந்த அறைக்குத்தான். உட்கார இடம் இல்லாத வேலைக்கு இங்க ஆள் எடுக்க விடமாட்டாங்க.”

“சரி சார்” என்றாள். கதவு வரை போய்விட்டாள். வீட்டில் விட்டு வந்த குடை நடுவழியில் நினைவுக்கு வருவதுபோல அப்போதுதான் உறைத்தது. திரும்பினாள்.

“சார், அது நான் உட்கார்ற அறை.”

“எது?”

“அந்தக் காலி அறை.”

“அப்புறம் ஏம்மா காலின்னு போட்ட?”

“எண்ணும்போது நான் வெளியில இருந்தேன் சார். எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். “நானா மாத்தினா நல்லா இருக்காது. இன்னொரு சுற்று வேற யாராவது போகட்டும். நீ எழுந்திரிக்காம உட்காரு, அது போதும்.”

மறுநாள் காலை அவள் உட்கார்ந்திருந்தாள். எண்ண வந்தவர் நிதிப் பிரிவு சீனியர் கிளார்க். எதையும் மனக்கணக்காகவே போடுவார். கால்குலேட்டர் என்றுதான் அவருக்குப் பெயர்.

“அட, நீயா? உன் முகத்தைப் பாக்கவா என்னை மூணு மாடி ஏற வச்சாங்க! லிஃப்டும் வேலை செய்யல.” மூச்சு வாங்கியபடி டேப்லெட்டைத் தடவினார். “எந்தப் பிரிவுன்னு கேக்குது. நீ இப்போ எந்தப் பிரிவு?”

“பயிற்சி சார். எந்தப் பிரிவும் இல்ல.”

“வந்து போறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு இருக்கே. எந்த மகராசன் எழுதினான் இதை?”

“நான்தான் சார்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் இயந்திரம் தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது.

“உன் விதிப்படி பாத்தா நீ ஆளே இல்லம்மா.”

“ஆமா சார்.”

“நான் என்ன போடட்டும்?”

படியில் தாவி ஏறிய பெண்ணாக இருந்திருந்தால் விதி விதிதான் என்று வாதாடியிருப்பாள். அந்தப் பெண் எங்காவது தென்படுகிறாளா என்று ஒரு கணம் பார்த்தாள். தென்படவில்லை.

“ஒண்ணுன்னு போடுங்க சார்.”

“போட்டாச்சு. யார் கேக்கப் போறா?”

யாரும் கேட்கவில்லை. அறை தப்பியது. அடுத்த வாரமே நியமன உத்தரவு வந்தது. வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா பேச முடியாமல் அழுதாள். பின்னாலிருந்து தம்பி, “பாட்டு நின்னுடுச்சு டோய்!” என்று கத்தினான்.

“சந்தோஷமா இருக்கியாடி?” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ம்… இருக்கேம்மா.”

போனை வைத்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பழக்கதோஷம், கை தானாகத் திரும்பக் கதவைத் திறந்தது. எட்டிப் பார்த்தாள். மேசை, நாற்காலி, திறக்க வராத ஜன்னல். மறுபடி சாத்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.